வார்த்தை அக்கா, சுருதி அத்தான்

நான்காவது முறையாக அக்காவின் குரல் பாதி வரியில் நின்றுபோனது.

அவள் தம்பி கேபிள், ஸ்பீக்கரைப் பார்த்தான். அதன் மேல் தப்பில்லை. இரவலாக வந்திருந்த மெஷினின் முகப்பைப் பார்த்தான். அதில் குரலைக் காட்டும் முள் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் உள்ளறையில் அக்கா இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். கடைசியாகக் கீபோர்டைப் பார்த்தான். அத்தான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பல் டாக்டரிடம் முறைக்குக் காத்திருப்பவர்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், நீங்க கையை வெச்சாத்தான் அக்கா பேசறது கேட்கும்."

"தெரியும் மச்சான்."

"அப்ப வைக்கலாமே."

"வைக்கிறேன். இப்ப வேண்டாம்."

கேபிள் தலையைச் சொறிந்தான். மணி பதினொன்றரை. நான்கு மணிக்குக் கோளரங்கத்திலிருந்து மேடம் வருகிறார். பதிவான பாட்டு இதுவரை ஒன்றே முக்கால் வரி.

கேபிள் என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயரில்லை. எப்போதும் கழுத்தில் ஒரு ஒயரை மாலைபோலப் போட்டுக்கொண்டு திரிவதால் வந்தது. ஆளும் ஒயர் மாதிரிதான் இருப்பான். அக்காவும் அத்தானும் நடத்தும் ஸ்டூடியோவில் பதினொரு வருஷமாக ஒலிப்பதிவு அவன் வேலை. ஸ்டூடியோ என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஹாலில் கீபோர்டு, மிக்சர், கம்ப்யூட்டர். படுக்கையறையில் துணி அலமாரியைத் திறந்துபோட்டு அதற்கு எதிரே ஒரு மைக். தொங்குகிற துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும். அக்கா இத்தனை வருஷமும் பாடியதெல்லாம் அத்தானின் சட்டைகளைப் பார்த்துத்தான்.

அந்தச் சட்டைகளைத்தான் அவள் மூன்று வாரமாக முறைத்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். போன மாதம் முடித்துக் கொடுத்த ஒரு பாட்டில், கடைசி நேரத்தில் அத்தான் யாரிடமும் சொல்லாமல் அக்காவின் குரலை இரண்டு டெசிபல் இறக்கிவிட்டார். அவருடைய கீபோர்டில் ஒரு குழைவு வந்ததாம், அது அமுங்கிப்போகக் கூடாதாம். இரண்டு டெசிபல் என்பது சாதாரணக் காதுக்கு ஒன்றுமே இல்லை. அடுத்த அறையில் யாரோ ஜன்னலை ஒரு விரல் அளவு சாத்தியது மாதிரி. ஆனால் அக்காவின் காது சாதாரணக் காதில்லை. பாட்டு வெளியான அன்று காலை அடுப்படியில் நின்று கேட்டவள், பாதியில் அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு வந்தாள். "இருபது வருஷம் கழிச்சு என்னை இறக்கணும்னு தோணிடுச்சா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அத்தான், "ரெண்டு டெசிபல்தானே" என்று சொல்லித் தொலைத்தார். அந்தத் 'தானே'தான் வினையாகிவிட்டது.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூடக் கேபிள் வழியாகத்தான் போய்வந்தது. இரண்டாவது வாரத்தில், வேறு ஊர்ப் பள்ளி ஒன்றில் விடுதியோடு சேர்ந்த பாட்டு டீச்சர் வேலை அக்காவுக்குக் கிடைத்தது. சம்மதக் கடிதத்தைக் கம்ப்யூட்டரில் தட்டி வைத்துவிட்டாள். "கோளரங்கத்து வேலைதான் கடைசி. அது முடிஞ்சதும் அஞ்சு மணிக்கு இதை அனுப்பிடு. நானா அனுப்பினா கை நடுங்கும்" என்று கேபிளிடம் ஒப்படைத்திருந்தாள்.

மின்னஞ்சல் பெட்டியில் அந்தக் கடிதம் அனுப்பப்படாமல் கிடந்ததைக் காலையிலிருந்து ஒன்பது முறை பார்த்துவிட்டான் கேபிள். ஒரு தட்டுத் தட்டினால் அக்கா போய்விடுவாள். அவள் போனால் அத்தான் தனியாக எதற்கு இசையமைப்பார்? அவருக்குத் தேநீர்கூடப் போடத் தெரியாது. அக்கா இல்லாத அந்த வீட்டை நினைத்துப் பார்க்கவே கேபிளால் முடியவில்லை. எப்படியாவது ஐந்து மணிக்குள் இருவரையும் சேர்த்துவைத்துவிட வேண்டும் என்று மனதுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டான். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

கோளரங்கத்தில் புதிதாக ஒரு காட்சி போடுகிறார்கள். இருட்டில் கூரை முழுக்க நட்சத்திரம் வந்ததும், ஒரு நட்சத்திரமே பேச வேண்டும். அந்தக் குரல் ஆணாகவும் இருக்கக் கூடாது, பெண்ணாகவும் இருக்கக் கூடாது. மனுஷக் குரலாக இருக்கக் கூடாது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் மனுஷருக்குப் புரிய வேண்டும். மேடம் இப்படிச் சொன்னபோது கேபிள் ஆந்தைபோல விழித்தான். அத்தான் மட்டும், "வோகோடர்" என்றார்.

வாத்தியத்தைப் பேசவைக்கும் அந்த வேலையைக் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடலாம். ஆனால் பழைய பெட்டிதான் வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்று, வானொலிப் பெட்டிகளும் பழைய வாத்தியங்களும் பழுது பார்க்கும் ரிப்பேர்க்காரருக்கு அவளே போன் செய்தாள். காலையில் கேபிள் பேட்டரி வாங்கக் கடைக்குப் போய் வருவதற்குள் அவர் மெஷினோடு வந்து, எல்லா ஒயரையும் மாட்டி முடித்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தன் வேலையை வேறொருவர் செய்ததில் கேபிளுக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ரிப்பேர்க்காரர் பேச்சுக் குறைவான ஆள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்டவர்போல மெஷினைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதற்கு மட்டும் கொஞ்சம் வாயைத் திறந்தார். உள்ளே பதினாறு சல்லடை இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொன்னார். மைக்கில் வரும் குரலை அடிச்சத்தத்திலிருந்து உச்சச்சத்தம் வரை பதினாறு பங்காகச் சலிக்கும். எந்தப் பங்கில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று கணத்துக்குக் கணம் அளக்கும். அந்த அளவை மட்டும் வைத்துக்கொண்டு குரலைத் தூரப் போட்டுவிடும். இன்னொரு பக்கம் கீபோர்டின் சத்தத்தையும் அதேபோலப் பதினாறாகச் சலித்து, குரல் எங்கே எழும்பியதோ அங்கே கீபோர்டைத் திறந்துவிடும், குரல் எங்கே அடங்கியதோ அங்கே மூடிவிடும். வாய் அசைவு ஒருவருடையது, சுருதி இன்னொருவருடையது.

"அப்ப பேசறவங்க சுருதியில பேச வேண்டாமா?" என்றான் கேபிள்.

"கிசுகிசுன்னு பேசினாலே போதும் தம்பி. ஆனா ஒண்ணு, வாய் மூடினா கீபோர்டு கேட்காது. கையை எடுத்தா வாய் கேட்காது."

முதலில் இதைப் பாட்டுக்காகவே செய்யவில்லையாம். டெலிபோன் கம்பியில் குரலைச் சிக்கனமாக அனுப்பத்தான் யோசித்தார்களாம். பிறகு போர்க்காலத்தில், அடுத்தவர் காதில் விழாமல் பேச இதே வித்தையைப் பயன்படுத்தினார்களாம். வெகுகாலம் கழித்துத்தான் பாட்டுக்காரர்கள் கையில் சிக்கியிருக்கிறது.

முதல் சோதனையில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. அத்தான் தனக்குப் பிடித்த புல்லாங்குழல் சத்தத்தை வைத்தார். அக்கா "ஹலோ" என்றது வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல வந்தது. மெல்லிய சத்தத்தில் சலிக்க என்ன இருக்கிறது என்று ரிப்பேர்க்காரர் உதட்டைப் பிதுக்கினார். நிறைய இழைகள் உள்ள கரகரப்பான சத்தம் வேண்டுமாம். அத்தான் முகத்தைச் சுளித்துக்கொண்டு மாவு மில் ஓடுவதுபோன்ற ஒரு சத்தத்துக்கு மாறினார். இப்போது வார்த்தை புரிந்தது, ஆனால் 'ஸ'வும் 'ச'வும் எங்கேயோ விழுந்துவிட்டன. வாய்க்காற்றில் பிறக்கும் எழுத்துகள் அவை, கீபோர்டில் காற்று ஏது? ரிப்பேர்க்காரர் ஒரு குமிழைத் திருகி, மழை இரைவதுபோன்ற சத்தத்தை ஒரு சிட்டிகை கலந்தார். பிறகு தலையை ஆட்டினார்.

உள்ளறையிலிருந்து அக்கா சாதாரணமாகத்தான் சொன்னாள், "கேக்குதா?" என்று.

ஹாலில் வந்தது வேறு. நூறு பேர் ஒரே மூச்சில், ஒரே வாயால், மலைக்கு அந்தப் பக்கமிருந்து "கேக்குதா" என்று கேட்டார்கள். அது அக்காவின் உச்சரிப்பு. அந்தக் 'கே'யை அவள் கொஞ்சம் இழுப்பாள், அந்த இழுப்பு அப்படியே இருந்தது. ஆனால் குரல் அவளுடையதில்லை. அத்தானின் விரல்கள் அது. கேபிளின் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. பதினொரு வருஷமாக ஒயரைத் தொட்டுத் தொட்டு மரத்துப்போயிருந்தவன், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேருடைய உயிரை எடுத்து ஒரு குரலாகப் பிசைந்துவிட்டதே இந்தத் தகரப் பெட்டி என்று மலைத்துப்போனான்.

அந்த மலைப்பு பத்து நிமிஷம்தான் நீடித்தது.

பாட்டின் வரிகளை மேடமே எழுதிக் கொடுத்திருந்தார். அக்கா முதல் வரியைச் சரியாகச் சொன்னாள். இரண்டாவது வரியில், "நீ பிறக்கும் முன்பே நான் கிளம்பிவிட்டேன்" என்பதில், 'கிளம்பி' என்ற வார்த்தை வந்ததும் எதுவோ நினைவுக்கு வந்துவிட்டதுபோல. தாளை விட்டுவிட்டாள்.

"இருபது வருஷம் இந்த வீட்டுல என் குரலுக்கு என்ன மரியாதை இருந்துச்சு? இப்ப அதுவும் போய், இவர் கை வெச்சாத்தான் நான் பேசவே முடியும்னு ஆயிடுச்சு."

இதை உலகத்தில் எந்த மனைவியும் இவ்வளவு கம்பீரமாகச் சொல்லியிருக்க மாட்டாள். வானம் பிளந்து நான்கு சுருதிகளில் ஒரு சண்டை இறங்கி வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ரிப்பேர்க்காரர் தன்னையறியாமல் எழுந்து நின்றார். அத்தான் ஏதோ யோசித்தவராக, கைகளைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வானம் மூடிக்கொண்டது. முள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எத்தனை முறை ஆரம்பித்தாலும் அதே கதைதான். அக்கா ஒரு வரி சொல்லுவாள், நிறுத்துவாள், அத்தான் கையை எடுப்பார், முள் ஆடும். மெஷினிலிருந்து வெளியே வருவதுதான் ஸ்பீக்கருக்கும் பதிவுக்கும் போனது. உள்ளறைக் கதவும் சாத்தியிருந்ததால், உள்ளே போவது என்ன என்று கேட்கக் கேபிளிடம் வழியில்லை. அக்கா திட்டுகிறாள், அத்தான் வாயை அடைக்கிறார் என்று அவன் முடிவு கட்டினான். இப்படி ஒரு ஊமைக்குத்து வேறு யாருக்காவது வாய்க்குமா?

அவன் உள்ளறைக்குப் போனான். அக்கா மைக்கின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. அவனைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

"அக்கா, அத்தான் கையை எடுத்துட்டாரு. நீ பேசறது எதுவும் கேட்கலை."

"எடுக்கட்டும். நான் என் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். உனக்கென்ன?"

விரக்தியில் பேசுகிறாள் என்று கேபிள் நினைத்தான். கையோடு ஒரு பொய்யை எடுத்துவிட்டான். அத்தான் மூன்று வாரமாகத் தூங்குவதே இல்லை, நேற்றுக்கூட அவனைக் கட்டிக்கொண்டு அழுதார், தன் கையை வெட்டிப் போட்டாலும் தகும் என்று புலம்பினார் என்று அடுக்கினான். அக்கா மைக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்படியா? கட்டிக்கிட்டு அழுதாரா?" என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். "தேம்பித் தேம்பி" என்றான் கேபிள்.

ஹாலுக்குத் திரும்பினால் அத்தான் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு பயங்கரமாக இருமிக்கொண்டிருந்தார். ஹெட்போன் ஒரு காதில் இருந்தது, மறு காது வெளியே. ரிப்பேர்க்காரர் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேபிள் அத்தானுக்கும் ஒரு தம்ளர் தண்ணீரோடு ஒரு பொய்யைக் கொடுத்தான். அக்கா உள்ளே அழுகிறாள், நீங்கள் இல்லாமல் ஒரு நாள் இருக்க முடியாதாம் என்றான். அத்தான் அவனை ஏற இறங்கப் பார்த்து, "அப்படியா சொன்னா, உன்கிட்ட?" என்று கேட்டார். அந்த 'உன்கிட்ட'வில் என்ன அழுத்தம் என்று கேபிளுக்கு விளங்கவில்லை.

பொய் பலிக்கவில்லை. முள் ஆடியது, கை மடியில் இருந்தது. மணி ஒன்றரை.

இனித் தயவு தாட்சண்யம் பார்த்தால் ஆகாது என்று கேபிள் துணிந்தான். அத்தான் கை கழுவப் போன நேரம் பார்த்து, காலையில் வாங்கி வந்த பேட்டரிகளைக் கீபோர்டின் மூன்று கட்டைகள் அமுங்கும்படி அடுக்கி, அதை நிரந்தரமாக ஒலிக்கவைத்துவிட்டான். யார் கையும் வேண்டாம். அக்கா இனி எது பேசினாலும் கேட்கும். மனதில் இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டால் கோபம் வடிந்துவிடும் என்பது அவன் கணக்கு.

முதலில் அலமாரிக் கதவு பாடியது. அதன் கீல் கிறீச்சென்றதும் ஒரு தேவகானம் இழைந்து இறங்கியது. பிறகு அக்கா தண்ணீர் குடித்தாள். ஒவ்வொரு மடக்கும் ஒரு தனி ராகமாக உருண்டு வந்தது. மின்விசிறி மூன்று சுருதியில் பெருமூச்சு விட்டது. நாற்காலி நகர்ந்தது. வளையல் உரசியது. உயிரில்லாத சாமான்கள் எல்லாம் ஒன்றுகூடி அந்தப் படுக்கையறையில் பிரார்த்தனை நடத்தியதுபோல இருந்தது. கேபிள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். இத்தனை வருஷம் இந்தக் கதவுக்கு எண்ணெய் விடவேண்டும் என்றுதானே நினைத்தோம், பாடத் தெரியும் என்று தெரியாமல் போயிற்றே என்று உண்மையாகவே வருந்தினான்.

எல்லாம் பாடின. அக்கா மட்டும் பேசவில்லை. முதல் முறையாக முள்ளில் அவள் குரலே இல்லை.

கதவு திறந்தது. அக்கா ஹாலில் வந்து நின்றாள். மூன்று வாரத்தில் வேலை நேரத்தில் அவள் ஹாலுக்கு வருவது அதுவே முதல்.

"யாருடா வெச்சது இதை? எடு முதல்ல."

அதே நேரம் அத்தான் ஈரக் கையோடு வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தானின் கண்கள் சிவந்திருந்தன. கேபிள் கீபோர்டை நோக்கிப் பாய்ந்தான். பேட்டரிகளை வாரி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "தூசி அத்தான், கண்ல தூசி" என்று சம்பந்தமில்லாமல் சொன்னான். அத்தானும், "ஆமா, தூசிதான்" என்றார். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாவது யோசனை வந்தபோது மணி இரண்டேமுக்கால். அத்தானுக்குப் பேச வாய்ப்பே இல்லையே, அதுதான் கோளாறு என்று அவனுக்குத் தோன்றியது. அவருக்கும் ஒரு மைக் வைத்து, அதை அக்காவின் ஹெட்போனுக்குக் கொடுத்துவிட்டால், அவர் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடுவார், கதை முடிந்துவிடும். மேஜைக்கு அடியில் புகுந்து ஒயர்களை உருவினான். பதற்றத்தில், அத்தானின் மைக்கை மெஷினில் கீபோர்டு போகவேண்டிய துளையில் சொருகிவிட்டான். கேபிள் என்று பேர் வைத்துக்கொண்டு செய்கிற காரியமா அது? ஆனால் செய்துவிட்டான்.

அத்தான் பேசுவதற்குத் தொண்டையைக் கனைத்து, "ம்ம்ம்" என்று நீட்டினார். அதே நொடியில் உள்ளே அக்கா மைக்கில் சத்தம் போட்டாள்.

அத்தானின் உதடு மூடியிருந்தது. ஆனால் அத்தானின் சொந்தக் கட்டைக் குரல், அக்காவுக்கே உரிய இழுப்போடு, ஹால் முழுக்கக் கேட்டது. "டேய் கேபிள், என்னடா பண்ணித் தொலைச்சே?"

அத்தான் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் பொத்தியதும் குரல் நின்றது. மெல்லக் கையை எடுத்து இன்னொரு முறை "ம்ம்" என்று பார்த்தார். "எல்லாத்தையும் கழட்டு" என்று அவர் தொண்டையிலிருந்து அக்கா சொன்னாள். ரிப்பேர்க்காரர் பெட்டியைக் கைகூப்பாத குறையாகப் பார்த்தார். முப்பது வருஷமாக வைத்திருக்கிறேன், இப்படி ஒன்றை நானே கேட்டதில்லை என்று முணுமுணுத்தார். அத்தான் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தன் குரலுக்குள் மனைவி வந்து பேசிவிட்டுப் போனால் யாருக்குத்தான் பேச்சு வரும்?

அழைப்பு மணி அடித்தது. கோளரங்கத்து மேடம். அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்.

கேபிளுக்குக் கைகால் ஓடவில்லை. மேடத்தை உட்காரவைத்துவிட்டு மறுபடியும் மேஜைக்கு அடியில் புகுந்தான். எதை எங்கே மாட்டினோம் என்றே தெரியவில்லை. இருப்பதையெல்லாம் உருவிவிட்டுப் புதிதாக மாட்டிவிடலாம் என்று கை வைத்தபோது ரிப்பேர்க்காரர் குனிந்து அவன் தோளைத் தொட்டார். அத்தானின் ஹெட்போன் ஒயரை மட்டும் தொட வேண்டாம், மற்றதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, இரண்டே நிமிஷத்தில் சரிசெய்தார். கேபிள் விளக்கம் கேட்கும் நிலையில் இல்லை. மேடம் கையில் ஒரு நோட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கணக்கில் பிழை கண்டுபிடிக்க வந்தவர்போன்ற முகம்.

"இனிமே நான் எதுவும் சொல்றதுக்கில்லை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கேபிள் பதிவுப் பொத்தானை அழுத்தினான். கைவிட்டவனின் அழுத்தல் அது.

அத்தான் கைகளை எடுத்துக் கீபோர்டின் மேல் வைத்தார். இந்த முறை பத்து விரல்களும் வைத்தார்.

உள்ளே அக்கா ஆரம்பித்தாள்.

"நீ பார்ப்பது என் பழைய வெளிச்சம்."

கேபிள் நிமிர்ந்தான். காலையில் கேட்டதும் இதுவும் ஒன்றில்லை. காலையில் மெஷின் பேசியது. இப்போது யாரோ பேசினார்கள். அக்கா ஒவ்வொரு எழுத்தையும் எவ்வளவு நேரம் பிடித்திருப்பாளோ, அத்தானின் விரல்கள் சரியாக அவ்வளவு நேரம் பிடித்திருந்தன. அவள் மூச்சு விடும் இடத்தில் அவர் சுருதி மாறியது. கதவு சாத்தியிருந்தது, ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் அவள் வாய் திறப்பதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் அவர் விரல் இறங்கியது.

"நீ பிறக்கும் முன்பே நான் கிளம்பிவிட்டேன். நீ அண்ணாந்து பார்ப்பாய் என்று எனக்குத் தெரியாது."

மேடத்தின் கையிலிருந்த பேனா நோட்டைத் தொடவே இல்லை. ரிப்பேர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கேபிளுக்கு மூச்சு விடப் பயமாக இருந்தது. மனுஷக் குரலில் இத்தனை பெரிய தூரம் இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. அந்தத் தூரத்தைத் தாண்டி இத்தனை அருகில் வந்து காதோரமாக ஒன்று பேசும் என்றும் நினைத்ததில்லை. ஒரு பெண் துணி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து கிசுகிசுக்கிறாள், ஒரு ஆள் பத்து விரலை அழுத்துகிறான், நடுவில் ஒரு தகரப் பெட்டி. இவ்வளவுதான். இவ்வளவுதானா என்று இருந்தது.

"ஆனாலும் வந்தேன்."

கடைசி எழுத்து தேய்ந்து தேய்ந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிந்தது. அத்தான் கையை எடுத்தார். முள் இன்னும் சிறிது நேரம் லேசாக ஆடிவிட்டு அடங்கியது.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். பத்தொன்பது வருஷமாக நட்சத்திரத்தை எண்களாகத்தான் பார்த்துவந்தேன், இன்றைக்குத்தான் ஒன்று என்னைத் திரும்பிப் பார்த்தது என்றார். பிறகு, காட்சியின் முடிவில் பெயர் போடவேண்டும், இதைப் பாடியது யார் என்று கேட்டார். கேபிள் உள்ளறைக் கதவைக் காட்டினான். பிறகு கீபோர்டைக் காட்டினான். பிறகு இரண்டையும் காட்டினான். "வார்த்தை அக்கா, சுருதி அத்தான்" என்றான். மேடம் அப்படியே எழுதிக்கொண்டார்.

அவர் போனபோது மணி நான்கரை. கேபிள் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைப் பார்த்தான். இவ்வளவு பெரிய காரியம் நடந்தும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று மனசு கனத்தது.

அக்கா வெளியே வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பின்னால் வந்து நின்றாள்.

"அதை அனுப்ப வேண்டாம்."

"எதை?"

"அந்த லெட்டரைத்தான். அழிச்சிடு."

பிறகு அத்தானைப் பார்த்தாள். "காபி போடப் போறேன். அங்கேயே உட்கார்ந்திருக்காம, வந்து பாலை எடுத்துக் குடுங்க" என்றாள். மூன்று வாரத்தில் அவள் நேராக அவரிடம் சொன்ன முதல் வாக்கியம். அத்தான் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அடுப்படியிலிருந்து பாத்திரச் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தமும் வந்தது. 'தேம்பித் தேம்பி' என்று அத்தான் சொல்வது மட்டும் காதில் விழுந்தது.

கேபிள் கடிதத்தை அழித்தான். அழித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். இந்த உலகத்தில் தன்னைப்போல ஒருவன் உண்டா என்ற நினைப்பில் மார்பு ஒரு சுற்றுப் பெருத்தது. ரிப்பேர்க்காரர் மெஷினைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். பாராட்ட ஒரு ஆளாவது வேண்டுமல்லவா, அவரிடமே ஆரம்பித்தான். பொய் சொன்னது, பேட்டரி வைத்தது, மைக்கைச் சொருகியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, "காலையிலேருந்து எத்தனை பாடு! நான் மட்டும் நடுவுல இல்லாமப் போயிருந்தா இவங்க ரெண்டு பேரும் இன்னைக்குச் சேர்ந்திருப்பாங்களா, சொல்லுங்க" என்றான்.

ரிப்பேர்க்காரர் மெஷினைக் கட்டிய முடிச்சை இறுக்கிவிட்டு, அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மத்தியானமே சேர்ந்திருப்பாங்க தம்பி. காலையில உங்க அக்கா என்னைத் தனியாக் கூப்பிட்டு, அவங்க பேசறது மெஷினுக்குள்ள போறதுக்கு முன்னாடியே நேரா அவர் ஹெட்போனுக்கு மட்டும் போற மாதிரி மாட்டச் சொன்னாங்க; அவங்க மனசு விட்டுப் பேசினப்பல்லாம் உங்களுக்குக் கேட்கக் கூடாதேன்னுதான் அவர் கையை எடுத்துக்கிட்டே இருந்தார்."